மெட்ரிக் முடித்து ஒரு வருடம் இடைவெளி எடுத்தால், வழிகாட்டியோடு ஆய்வு செய்வது எப்படி?

ஜனவரியில் மெட்ரிக் என்கிற பள்ளி இறுதித் தேர்வின் முடிவு வந்ததும் கூடப் படித்தவர்கள் பல்கலைக்கழகத்துக்குக் கிளம்பிவிடுவார்கள். ஒரு வருடம் பொறுத்துப் போகலாம் என்று நிற்கிற, தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்துப் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். நம் ஊரில் ஆய்வுக்கான விஷயம் வாசலிலேயே கிடக்கிறது.

முதலில் கேள்வியைச் சுருக்குங்கள். நான் 'நேட்டாலில் தமிழர் வரலாறு' என்று, டர்பன் இருக்கிற மாகாணம் முழுவதையும் வைத்து ஆரம்பித்தேன். 1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து டர்பனுக்கு வந்து சேர்ந்தது. அதிலிருந்து 1911 வரை இந்தியாவிலிருந்து ஒன்றரை லட்சத்துக்கும் மேலானவர்கள் ஒப்பந்தக் கூலிகளாக வந்திருக்கிறார்கள், இதில் எங்கே கை வைப்பது? என் வழிகாட்டி, "ஒரே கப்பல், அதிலும் ஒரே மாவட்டத்து ஆட்கள், போதாதா?" என்றார். போதும். அந்தக் கப்பலில் வட ஆற்காட்டிலிருந்து ஏறியவர்களில் எத்தனை பேர் குடும்பமாக வந்தார்கள் என்பது பத்து மாதத்தில் பதில் கிடைக்கிற கேள்வி.

வழிகாட்டி பேராசிரியராகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. முனைவர் பட்ட மாணவர்களும் ஆவணக் காப்பகத்தில் வேலை செய்பவர்களும் பல சமயம் அதிக நேரம் தருவார்கள். குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்தில் உள்ள காந்தி-லுத்துலி ஆவண மையத்தில் கேட்டுப் பாருங்கள். மின்னஞ்சல் எட்டு வரியைத் தாண்டக் கூடாது: நீங்கள் யார், கேள்வி என்ன, அவர் எழுதியதில் எதைப் படித்தீர்கள், வாரத்துக்கு எத்தனை மணி நேரம் ஒதுக்க முடியும், இருபது நிமிடம் சந்திக்கலாமா. நான் ஒரே நீளக் கடிதத்தை ஐந்து பேருக்கு அனுப்பினேன், ஒருவரும் பதில் போடவில்லை. ஆறாவது ஆளுக்குச் சுருக்கமாக எழுதினேன், இரண்டே நாளில் பதில் வந்தது.

சந்திப்பு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இருந்தால் சரி. முந்தின நாள் மாலையே ஒரு பக்கம் அனுப்பிவிடுங்கள்: என்ன செய்தேன், எங்கே மாட்டிக்கொண்டேன், அடுத்து என்ன. கட்டுரையில் யார் பெயர் எப்படி வரும் என்பதையும் முதல் மாதத்திலேயே பேசிவிடுவது நல்லது.

அப்புறம், கப்பல் பட்டியல், அதாவது கப்பலில் வந்தவர்களின் பதிவு. எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஊர், உயரம், உடல் அடையாளம் என்று வரிசையாகப் போகும். குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதியதால் முனுசாமி 'மூன்சாமி' ஆகியிருப்பார், இன்று டர்பனில் அதுவே குடும்பப் பெயராகவும் இருக்கிறது. நான் ஆர்வத்தில் அறுபது பெயர்களைத் திருத்தியே எக்செல்லில் ஏற்றிவிட்டு, அசல் என்னவென்று தெரியாமல் திரும்பப் போய் எல்லாவற்றையும் மறுபடி எழுதினேன். எக்செல்லில் அசல் எழுத்துக்கு ஒரு நெடுவரிசை, உங்கள் வாசிப்புக்கு இன்னொரு நெடுவரிசை, இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். ஒருவரின் அடையாளமாக இடது முழங்காலில் தழும்பு என்று மட்டும் இருந்தது, அன்றைக்கு அதற்கு மேல் என்னால் எழுத முடியவில்லை.

டர்பனில் இந்தியர்கள் அதிகம் வாழும் சாட்ஸ்வர்த்தில் பெரியவர்களிடம் பேட்டி எடுப்பதாக இருந்தால் எழுத்துமூலம் சம்மதம் வாங்க வேண்டும். பல்கலைக்கழக வழிகாட்டி என்றால் நெறிமுறைக் குழுவின் அனுமதியும் தேவைப்படும், அதற்கு நாள் பிடிக்கும் என்பதால் மார்ச்சிலேயே கேட்டுவிடுங்கள். அடுத்த ஆண்டுப் படிப்புக்கான விண்ணப்பத்தையும் செப்டம்பருக்குள் போட்டுவிடுங்கள், ஆய்வு மும்முரத்தில் அது மறந்துபோகும்.

அக்டோபரில் புதுத் தகவல் தேடுவதை நிறுத்திவிட்டு எழுத உட்காருங்கள். பத்துப் பக்கம் போதும். அச்செடுத்து ஒரு பிரதியைக் காப்பகத்துக்குக் கொடுங்கள், பேட்டி தந்த பாட்டியின் வீட்டுக்கு இன்னொன்றை எடுத்துப் போய் அவர் சொன்ன பகுதியை உட்கார்ந்து வாசித்துக் காட்டுங்கள்.