இசியு சேதராப்பட்டில், சோதனை கடலூரிலிருந்து: ஒரு செய்முறை

வண்டியின் இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான இன்ஜின் கண்ட்ரோல் யூனிட், அதாவது இசியு, புதுச்சேரி சேதராப்பட்டில் ஒரு மேசைமேல் இருக்கிறது. அதன் மென்பொருளைச் சோதிக்கிற நான் கடலூரில். மென்பொருளின் ஒவ்வொரு புதிய பில்டுக்கும் பஸ் ஏற முடியாது என்பதால் செய்த ஏற்பாடு இது. லினக்ஸும் எஸ்எஸ்எச்சும் உங்களுக்குப் பழக்கம் என்று எடுத்துக்கொள்கிறேன்.

1. மின்சாரம். கரண்ட் லிமிட் உள்ள 12 வோல்ட் பெஞ்ச் சப்ளை வாங்குங்கள். இசியுவுக்கு பேட்டரி லைன் ஒன்று, இக்னிஷன் லைன் ஒன்று. இரண்டுக்கும் தனித்தனி ரிலே போட்டு, ராஸ்பெரி பை என்ற சின்ன லினக்ஸ் கணினி (இனி ‘பை’) இயக்குகிற மாதிரி வையுங்கள். இசியு உறைந்துபோனால் சில சமயம் பேட்டரி லைனையும் துண்டித்தால்தான் எழும்.

2. கேன் பஸ், அதாவது வண்டியின் கணினிகள் பேசிக்கொள்ளும் இரட்டை வயர் இணைப்பு. பையின் மேல் எம்சிபி2515 சிப் உள்ள கேன் போர்டு. எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, அதன் இரு வயர்களான கேன்-ஹை, கேன்-லோ இடையே மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். 60 ஓம் காட்டினால் சரி. 120 காட்டினால் ஒரு முனையில் இருக்க வேண்டிய 120 ஓம் ரெசிஸ்டர் இல்லை.

3. கிரிஸ்டல், அதாவது சிப்புக்குக் கடிகாரத் துடிப்பு தரும் பாகம். போர்டிலுள்ள கிரிஸ்டலில் 8, 12, 16 என்று ஏதோ ஒரு மெகாஹெர்ட்ஸ் பொறித்திருக்கும். பையின் கான்ஃபிக் கோப்பில் அதே எண்ணைத்தான் தர வேண்டும். இணையத்தில் கிடைக்கிற வரியை அப்படியே ஒட்டினால், 500 கிலோபிட் என்று நீங்கள் சொன்ன வேகம் வேறாகிவிடும். பிழைச் செய்தி எதுவும் வராமல் கேன்0 (லினக்ஸில் கேன் இணைப்பின் பெயர்) எழும்பும். ஆனால் ஒரு ஃப்ரேமும், அதாவது கேன் செய்தியும், ஒழுங்காக வராது. வயரைச் சந்தேகிக்கும் முன் கிரிஸ்டலைப் படியுங்கள்.

4. நெட்வொர்க். ரூட்டரின் வெளி முகவரி 100.64 முதல் 100.127 வரையிலான எண்ணில் தொடங்கினால், நீங்கள் சிஜிநாட்டுக்குப் பின்னால் இருக்கிறீர்கள், அதாவது இணைய நிறுவனம் ஒரே பொது முகவரியைப் பலருக்குப் பகிர்ந்திருக்கிறது; வெளியிலிருந்து வரும் இணைப்பை உள்ளே திருப்பிவிடும் போர்ட் ஃபார்வர்டிங் பலிக்காது. எனக்குப் பிடித்தது, மலிவான விபிஎஸ் (வாடகை சர்வர்) ஒன்றில் வயர்கார்டு என்ற விபிஎன். அதற்கு நேரமில்லையா, வயர்கார்டின் மேல் கட்டிய ஆயத்தச் சேவையான டெய்ல்ஸ்கேல் போதும். வயர்கார்டில், இணைப்பு மூடாமலிருக்க அவ்வப்போது செய்தி அனுப்பும் கீப்அலைவை 25 வினாடி என்று வைக்க மறக்காதீர்கள். இசியுவை நேராக இணையத்தில் திறந்துவிடும் யோசனை மட்டும் வேண்டவே வேண்டாம்.

5. சோதனை எங்கே ஓட வேண்டும்? கேன் ஃப்ரேம்களை அப்படியே கடலூருக்கு இழுத்து, லேப்டாப்பில் ஸ்கிரிப்டை ஓட்டத்தான் யாருக்கும் முதலில் தோன்றும். ஃப்ரேம்களை வேடிக்கை பார்க்க அது போதும். ஆனால் இசியுவைச் சோதிக்கப் பயன்படும் யூடிஎஸ் என்ற டயக்னாஸ்டிக் நெறிமுறையில் கோரிக்கைக்கு இசியு பதில் தர வேண்டிய வழக்கமான கெடு 50 மில்லிவினாடி. மொபைல் ஹாட்ஸ்பாட்டில் போய்வரும் நேரமே அதைத் தாண்டிவிடும். அப்போது தாமதித்தது இசியுவா நெட்வொர்க்கா என்று பிரித்துச் சொல்ல முடியாது. சோதிப்பவர் இன்னும் இருக்கிறார் என்று இசியுவுக்கு அவ்வப்போது சொல்லும் டெஸ்டர் பிரசன்ட் செய்தியும் அப்படித்தான்: 5 வினாடி எதுவும் வராவிட்டால் இசியு டயக்னாஸ்டிக் செஷனை மூடிவிடும். ஆகவே ஸ்கிரிப்ட், ஐஎஸ்ஓ-டிபி (நீளமான செய்தியைப் பல ஃப்ரேம்களாகப் பிரித்து அனுப்பும் முறை), டெஸ்டர் பிரசன்ட் எல்லாமே பையிலேயே ஓடட்டும். கடலூரிலிருந்து போவது கட்டளை, வருவது லாக், அவ்வளவுதான். எஸ்எஸ்எச் அறுந்தாலும் டெர்மினலை உயிரோடு வைக்கும் டீமக்ஸுக்குள் ஓட்டினால் இணைப்பு அறுந்தாலும் சோதனை நிற்காது.

ஃபிளாஷ் செய்யும்போதும், அதாவது இசியுவில் புது மென்பொருளை ஏற்றும்போதும், இதே முறைதான்: கோப்பை முதலில் பைக்கு நகலெடுத்து, நகல் பழுதில்லையா என்று செக்சம் பார்த்து, அப்புறம் தொடங்குங்கள். பை, பெஞ்ச் சப்ளை, ரூட்டர் மூன்றும் யுபிஎஸ்ஸில் இருக்கட்டும். நம் கரையில் புயல் மாதங்களில் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது.

பின்சேர்க்கை: கரண்ட் வந்த பிறகு கேன்0 எழவில்லை என்று சிலர் எழுதியிருந்தார்கள். லினக்ஸில் நெட்வொர்க்கை அமைக்கும் சிஸ்டம்டி-நெட்வொர்க்டியில் அதற்கு ஒரு கோப்பு எழுதிவிடுங்கள். பிழைகள் மிகுந்து கேன் போர்டு பஸ்ஸிலிருந்து விலகிவிட்டால் (பஸ்-ஆஃப்) தானே மீள, ரீஸ்டார்ட் நேரத்தை 100 மில்லிவினாடி என்று அதிலேயே கொடுக்கலாம்.