கிட்டங்கியில் கடல் ஓசை தெளிந்த கதை

குளச்சல் பக்கம் ஒரு பழைய கிட்டங்கியில் ஓவிய நண்பரின் காணொளிக் கலையைக் காட்சிக்கு வைத்தோம். மூன்று சுவரிலும் கடல், கூடவே கட்டுமரக்காரர்களின் பேச்சு. படம் அருமையாக விழுந்தது. பேச்சுதான் ஒரு சொல்கூட விளங்கவில்லை.

ஸ்பீக்கரைச் சந்தேகப்பட்டு ஒலியைக் கூட்டினேன். இன்னும் மோசம். அப்புறம் நடுவில் நின்று ஒரு தடவை கை தட்டினேன். டர்ர்ர் என்று அதிர்ந்து, ஓய வெகுநேரம் ஆனது. எதிரெதிரே மொட்டைச் சிமெண்ட் சுவர்கள். ஒலி பந்து மாதிரி போய்ப்போய் வந்துகொண்டிருந்தது.

"மெத்தையைத் தொங்கப்போட்டுப் பாருங்க தம்பி" என்றார் தச்சு வேலைக்கு வந்த அண்ணன். படம் விழாத நான்காவது சுவரிலும், மற்றவற்றில் படத்துக்கு மேலேயும் பழைய பஞ்சு மெத்தைகள். அவற்றின்மேல் கறுப்புத் துணி. சுவரோடு ஒட்டாமல் 10 செ.மீ. விட்டோம். அந்த இடைவெளி இருந்தால்தான் தாழ்ந்த, கனத்த ஒலியையும் மெத்தை ஓரளவு உறிஞ்சும். தரைக்குக் கயிற்றுப்பாய். மூலையில் கிடந்த ஸ்பீக்கர்களை ஆட்கள் உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில், காது உயரத்தில் வைத்து ஒலியை நன்றாகக் குறைத்தேன்.

மறுபடி கை தட்டினேன். 'டப்'. அவ்வளவுதான்.

மாலையில் வந்த மீனவப் பெரியவர் கண்ணை மூடிக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "இது நம்ம கரைப் பேச்சுல்லா!"