எந்த லைப்ரரியின் ஃபைல்? ஏஎஸ்/400-இல் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் ஊர்ப்பக்கம் தெருவில் நின்று "இசக்கி" என்று கூப்பிட்டால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். யார் வீட்டு இசக்கி என்று சொல்லாவிட்டால் பக்கத்தில் நிற்கிறவர்தான் முதலில் வருவார். ஐபிஎம்மின் ஏஎஸ்/400 கம்ப்யூட்டரில், ஃபைல்கள் இருக்கும் லைப்ரரிகளை எந்த வரிசையில் தேடுவது என்று சொல்லும் லைப்ரரி லிஸ்ட்டும் அப்படித்தான். புரோகிராமில் 'ஸ்டாக்' என்று ஃபைல் பெயரை மட்டும் எழுதினால், லிஸ்ட்டில் மேலிருந்து தேடி, முதலில் அகப்படுவதைத் திறந்துவிடும். எச்சரிக்கை எதுவும் வராது.

1988-இல் வந்த இந்த மெஷினின் வாரிசாக இன்று ஐபிஎம் ஐ என்ற ஆபரேட்டிங் சிஸ்டம் ஓடுகிறது. நான் வேலை பார்த்த அரிசி மொத்த வியாபாரத்தில் அம்பாசமுத்திரம், தென்காசி, சங்கரன்கோவில் என்று கிளைக்கு ஒரு லைப்ரரி. மூன்றிலும் ஃபைல் பெயர்கள் ஒன்றேதான். ஒருநாள் அம்பை கிடங்கிலிருந்து போன்: "தம்பி, நாப்பது மூட்ட கண்ணு முன்னால கெடக்கு, கம்ப்யூட்டர்ல காங்கலியே!" தேடிப் பார்த்தால் நாற்பதும் தென்காசி இருப்பில் ஏறியிருந்தன. காலையில் ஏதோ விசாரணைக்காக ஒரு மெனு தென்காசி லைப்ரரியை லிஸ்ட்டில் சேர்த்திருக்கிறது, திரும்ப எடுக்கவில்லை. லிஸ்ட்டில் லைப்ரரி சேர்க்கும் ஆட்லிப்எல்இ கட்டளை, இடம் சொல்லாவிட்டால், புது லைப்ரரியை லிஸ்ட்டின் யூஸர் பகுதியின் உச்சியில்தான் வைக்கும். சேர்த்த புரோகிராமே அதை எடுக்கவும் வேண்டும், பிழை வந்து பாதியில் வெளியேறும் வழியிலும்கூட.

சரி, இந்தப் பெயருக்கு இந்த லைப்ரரியின் ஃபைல் என்று திசைதிருப்பும் ஓவர்ரைடு கட்டளையைப் போட்டுவிடலாம் என்பார்கள். அங்கேதான் அதிகம் வழுக்குகிறது. ஃபைல் திறந்த பிறகு போடும் ஓவர்ரைடு அந்தத் திறப்பை மாற்றாது. ஆர்பிஜி மொழியில் எழுதிய புரோகிராம் தொடங்கும்போதே ஃபைலைத் திறந்துவிடுவதால், உள்ளே இருந்து ஓவர்ரைடு கொடுத்துப் பயனில்லை. பிழைச் செய்தியும் வராது. ஃபைலை நாமே திறப்போம் என்று சொல்லும் யூஸர் ஓபன் குறிப்பைக் கொடுத்து, ஓவர்ரைடு போட்டு, அப்புறம் திறக்க வேண்டும். புது புரோகிராம் என்றால் திறக்க வேண்டிய ஃபைலைச் சொல்லும் எக்ஸ்ட்ஃபைல் குறிப்பில் லைப்ரரி பெயரோடு சேர்த்துக் கொடுத்துவிடுவது என் பழக்கம். படிக்கிறவருக்கு எந்தக் கிளை என்பது அங்கேயே தெரியும்.

ஓவர்ரைடுகளை எல்லாம் சிஎல் என்ற கட்டளை மொழியில் ஒரு தனி புரோகிராமாக எழுதி, அதை அழைத்துவிட்டுத் திரும்புவதும் வீண். மெஷின் தானாகவே அமைக்கும் டிஃபால்ட் ஆக்டிவேஷன் குரூப் என்ற பகுதியில் ஓடும் சிஎல் முடிந்ததும் அது போட்ட ஓவர்ரைடும் போய்விடும். பயந்து போய் ஜாப் (மெஷினில் ஓடும் ஒரு வேலை) அளவுக்கு நீட்டித்தால் எதிர்ப்பக்கம் சிக்கல்: டெலிட் ஓவர்ரைடு கொடுக்காதவரை அடுத்த கிளையின் வேலையும் பழைய கிளையிலேயே எழுதும். வேலையைத் தனி ஜாபாக ஓட்ட சப்மிட் ஜாப் கொடுத்தால் வழக்கமாக லைப்ரரி லிஸ்ட் கூட வரும், ஓவர்ரைடு வராது.

ஒரு கிளையின் ஃபைலில் மட்டும் புது ஃபீல்டு சேர்த்தால் புரோகிராமுக்குத் தெரிந்த அமைப்பும் ஃபைலின் அமைப்பும் பொருந்தவில்லை என்னும் லெவல் செக் பிழை வரும். அதை அணைத்து வைக்காதீர்கள். எடை இருக்க வேண்டிய இடத்தில் வேறு எண் போய் உட்காரும்.

சந்தேகம் வந்தால் ஜாப் விவர மெனுவின் 14-ஆவது ஆப்ஷனைப் பாருங்கள். திறந்திருக்கும் ஒவ்வொரு ஃபைலுக்கும் லைப்ரரி பெயர் காட்டும். ஆனால் லாஜிக்கல் ஃபைல் விஷயத்தில் அதை மட்டும் நம்ப முடியாது. ரெக்கார்டுகள் நிஜமாக இருப்பது பிசிக்கல் ஃபைலில், லாஜிக்கல் அதைப் பார்க்கும் ஜன்னல்தான். டெஸ்ட் லைப்ரரிக்கு ஃபைல்களை நகலெடுக்கும்போது, பிசிக்கல் ஃபைல் அங்கே போய்ச் சேருமுன் லாஜிக்கலை நகலெடுத்தால், அந்த நகல் பழைய பிசிக்கலையே பிடித்துக்கொண்டிருக்கும். முதலிலேயே இரண்டும் வெவ்வேறு லைப்ரரியில் இருந்தாலும் அதே கதைதான். திரையில் 'டெஸ்ட்' என்று காட்டும். சோதனைக்காக அழிக்கிற ரெக்கார்டோ நிஜக் கிடங்கின் மூட்டை. நகலெடுத்தவுடன், நிஜ லைப்ரரியின் பிசிக்கல் ஃபைலுக்கு அதைச் சார்ந்த ஃபைல்களைக் காட்டும் டிஎஸ்பி டிபிஆர் கட்டளையைக் கொடுத்துப் பாருங்கள். அதில் டெஸ்ட் லைப்ரரியின் பெயர் ஒன்று வந்தாலும் அந்த லாஜிக்கலை அழித்துவிட்டு, பிசிக்கல் முதலில், லாஜிக்கல் பிறகு என்ற வரிசையில் மறுபடி எடுங்கள். இரண்டும் தனித்தனி லைப்ரரியில் இருந்தவை என்றால், டெஸ்ட் பிசிக்கலின் மேல் லாஜிக்கலைப் புதிதாகவே உருவாக்குங்கள்.