சேலைக்கும் முகத்துக்கும் ஒரே வெயில்

நான் விஷுவல் கம்யூனிகேஷன் இறுதியாண்டு மாணவி. ஊர் பாலக்கோடு பக்கம். கல்லூரி விட்டதும் தருமபுரியில் ஒரு பிளெக்ஸ் கடையில் இரவு வேலை. படங்களை வெட்டி ஒட்டவும் போஸ்டர் வடிவமைக்கவும் எங்கே கற்றாய் என்று ஜூனியர்கள் கேட்டால், பாதி வகுப்பில், பாதி கண்ணீர் அஞ்சலி பேனரில் என்பேன். அவர்கள் சிரிப்பார்கள். ஆனால் ஃபோட்டோஷாப்பின் பாதித் தொழிலை அந்த பேனர் ஒரே இரவில் கேட்டுவிடும்.

முதலில் நான் சொதப்பிய கதை. ஒருவர் தன் அம்மாவின் படத்தோடு வந்தார். கல்யாணக் குழுப் படம்; அம்மாவின் தோளில் வேறு யாருடைய கையோ இருந்தது. "பாப்பா, விடிவதற்குள் ஆறுக்கு நான்கு அடி பேனர் வேண்டும்" என்றார். முகத்தை வெட்டி, இணையத்தில் எடுத்த ஒரு பட்டுச்சேலைப் படத்தின் மேல் வைத்து, அரை மணி நேரத்தில் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். "அம்மா மாதிரியே இருக்கிறது, கண்ணு. ஆனால் அம்மா இல்லை" என்றார்.

என்ன தவறு என்று எனக்கும் உடனே தெரியவில்லை. அப்புறம்தான் கண்டேன்: முகத்தில் வெளிச்சம் இடப்பக்கம் இருந்து வந்தது, சேலை மடிப்பின் நிழலும் இடப்பக்கமே விழுந்திருந்தது; அதாவது சேலைக்கு வெளிச்சம் வலப்பக்கம். இரண்டு சூரியன்கள்! பார்ப்பவருக்குக் காரணம் சொல்லத் தெரியாது. மனம் ஒட்டாது, அவ்வளவுதான்.

அதனால் மென்பொருளைத் திறப்பதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். ஒரு மாங்காயை வாசல் திண்ணையில் வைத்து, காலை ஏழு மணி, நண்பகல், மாலை ஐந்து என்று மூன்று முறை படம் எடுங்கள். எங்கள் பக்கம் கிளிமூக்குதான் மலிவு. உங்களிடம் தக்காளி இருந்தாலும் போதும். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். காய் தரையைத் தொடும் இடத்தில் மெல்லிய கரிய கோடு ஒன்று இருக்கும். நிழல் காயிலிருந்து விலக விலக அதன் ஓரம் மங்கும். காலை வெயில் மஞ்சளாக இருக்க, நிழலுக்குள் லேசான நீலம் தெரியும். வானத்தின் வெளிச்சம்தான் அங்கே விழுகிறது. ஒட்டிய உருவம் அந்தரத்தில் மிதப்பதாகத் தோன்றினால், பெரும்பாலும் அந்தக் கரிய கோட்டை விட்டிருப்பீர்கள்.

மென்பொருள் எதுவானாலும் சரி. காசு இல்லாதவர்களுக்கு கிம்ப் இருக்கிறது. பிரவுசரிலேயே ஓடும் ஃபோட்டோபீ, ஃபோட்டோஷாப் கோப்புகளையும் திறக்கும். எதில் செய்தாலும் அழிப்பானைத் தொடாதீர்கள். படம் இருக்கும் அடுக்குக்கு, அதாவது லேயருக்கு, மாஸ்க் என்ற மறைப்புத் திரை போடுங்கள். மாஸ்க்கில் கறுப்பு மறைக்கும், வெள்ளை காட்டும், சாம்பல் பாதி காட்டும். நள்ளிரவில் வாடிக்கையாளர் "அந்தக் காதை மட்டும் திரும்பக் கொண்டு வா" என்றால், வெள்ளைத் தூரிகையால் ஒரு இழுப்பு போதும்.

படம் வாங்கும்போதே பாதி வெற்றி. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும். 'டாக்குமெண்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள். பாஸ்போர்ட் அளவுப் படம் 35-க்கு 45 மில்லிமீட்டர்தான். 600 டிபிஐ-யில், அதாவது அங்குலத்துக்கு 600 புள்ளியாக, ஸ்கேன் செய்தால் ஏறத்தாழ 827-க்கு 1063 பிக்சல் கிடைக்கும். ஆறுக்கு நான்கு அடி பேனரை 72 டிபிஐ-யில் அமைத்தால் 5184-க்கு 3456 பிக்சல். முகத்தை எவ்வளவு இழுக்க வேண்டியிருக்கும் என்று இந்தக் கணக்கே சொல்லிவிடும். சுற்றிலும் பூ, விளக்கு என்று நிரப்பி முகத்தைச் சற்றுச் சிறிதாக வைப்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

இனி வெட்டுவது. கன்னம், தோள் போன்ற தெளிவான ஓரங்களுக்கு, புள்ளி வைத்துக் கோடு வரையும் பென் டூல். தானாகத் தேர்வு செய்யும் பொத்தான் காதோரத்தைக் கடித்துத் தின்றுவிடும். முடிக்கு வேறு வழி. அந்த அம்மாவுக்கு நரைமுடி, பின்னால் கரும்பச்சைச் சுவர். படத்தின் சிவப்பு, பச்சை, நீலப் பங்குகளைத் தனித்தனியாகக் காட்டும் சேனல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். சிவப்பு சேனலில் சுவர் கறுத்து, முடி வெளுப்பாக நின்றது. அதை நகலெடுத்து, வெளிச்சத்தையும் கருமையையும் திருத்தும் லெவல்ஸில் கறுப்பை இன்னும் கறுப்பாக்கி, முகத்தின் உட்பகுதியை வெள்ளையால் நிரப்பி, அதையே மாஸ்க் ஆக்கினேன். முடி நுனிகளில் பச்சைச் சாயம் ஒட்டியிருந்தது. அதற்கு மேலே ஒரு லேயர், நிறத்தை மட்டும் மாற்றும் 'கலர்' பிளெண்டிங், நரையிலிருந்தே எடுத்த நிறத்தில் மென்மையான தூரிகை. இந்தப் பச்சை விளிம்பை விட்டுவிடுவதுதான் புதியவர்களின் முதல் அடையாளம்.

சேலை? இணையத்தை விட்டுவிட்டேன். வண்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய், எங்கள் அம்மாவை அரக்கு நிறச் சேலையோடு வாசலில் உட்காரவைத்து, இடப்பக்கம் டியூப் லைட் வரும்படி திருப்பி, பத்தடி தள்ளி நின்று இரண்டு மடங்கு ஜூமில் எடுத்தேன். கிட்டே நின்று கைபேசியில் எடுத்தால் உடலின் அளவுகள் மாறித் தெரியும், குழுப் படத்து முகத்தோடு பொருந்தாது. தேடிக் கிடைக்கும் பொருத்தமான படத்தைவிட, வேண்டியபடி நீங்களே எடுக்கும் படம் எப்போதும் வேகமானது.

இரண்டையும் ஒட்டியதும் நிறத்தில் கை வைக்காதீர்கள். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு கறுப்பு வெள்ளை அட்ஜஸ்ட்மெண்ட் லேயர் போட்டு, முதலில் வெளிச்சத்தையும் கருமையையும் மட்டும் பொருத்துங்கள். அதை அணைத்த பிறகு நிறம். கடைசியாக, பழைய படத்தில் இருக்கும் மணல் போன்ற புள்ளிகளைப் புதிய படத்திலும் 'நாய்ஸ்' போட்டு வரவழையுங்கள். நின்றிருக்கும் ஆட்களைச் சேர்ப்பதானால் ஒரு சுருக்குவழி: கேமரா ஆள் உயரத்தில் இருந்தால், சமதரையில் நிற்கும் எல்லாருடைய கண்களும் அடிவானக் கோட்டருகே வர வேண்டும். ஒகேனக்கல் பாறையில் நண்பனை நிறுத்தும் பயிற்சிப் படங்கள் பெரும்பாலும் இங்கேதான் தோற்கின்றன.

தன்னைத் தலைவர் பக்கத்தில் நிறுத்தித் தரச் சொல்லி வருபவர்களும் உண்டு. நான் செய்வதில்லை.

போஸ்டர் அமைப்புக்கு யாராவது புத்தகம் கேட்டால், தருமபுரி அகழ்வைப்பகத்து நடுகற்களைப் பார்க்க அனுப்புவேன். அவையும் கண்ணீர் அஞ்சலிகள்தாமே! ஆநிரை மீட்டு இறந்தவன் பெரிதாக, வில்லோடோ வாளோடோ நிற்பான். மாடுகள் சிறிதாக இருக்கும். யார், எதற்காக இறந்தான் என்பது சில வரிகள். எது பெரிது, எது சிறிது என்று கல் வெட்டியவர் முடிவெடுத்திருக்கிறார். நம் பேனர்களில் இரங்கல் தெரிவிக்கும் நாற்பது பேரின் முகமும் இறந்தவர் முகத்தோடு போட்டி போடுகிறது. வாடிக்கையாளர் கேட்பார்தான். நாற்பதையும் கீழே ஒரே பட்டையில், ஒரே அளவில் அடுக்குங்கள்.

தமிழ் எழுத்தில் தனித் தொல்லைகள் உண்டு. 'கொ' என்று அடித்தால் கொம்பும் காலும் சிதறி நின்றால், பழைய ஃபோட்டோஷாப் பதிப்பு என்றால் பிரிஃபரன்சஸில் டைப் பகுதிக்குப் போய் 'வேர்ல்டு ரெடி லேஅவுட்' இயக்குங்கள். முக்தா மலர், ஹிந்த் மதுரை, கவிவனார் மூன்றும் இலவச யூனிகோட் எழுத்துருக்கள். எழுத்து இடைவெளியைக் கூட்டி அழகு பார்க்க வேண்டாம். கால் எழுத்தைவிட்டுப் பிரிந்து, 'கா' இரண்டு துண்டாகிவிடும். ஆங்கில வரிகளைவிட வரி இடைவெளி அதிகம் வேண்டும், இல்லையென்றால் மேல்வரியின் 'கு', 'பூ' வாலும் கீழ்வரியின் 'கி', 'கீ' சுழியும் முட்டிக்கொள்ளும். முடித்ததும் திரையில் ஐந்து சதவீதத்துக்குச் சுருக்கிப் பாருங்கள். நான்கு ரோட்டில் பஸ் ஜன்னலிலிருந்து தெரிவது அவ்வளவுதான்.

அச்சுக்கு அனுப்பும்போது எழுத்தை வடிவமாக மாற்றிவிடுங்கள். பல கடைகளில் இன்னும் பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் புழங்குகின்றன. யூனிகோட் கோப்பு அங்கே திறந்தால் உங்கள் தலைப்பு வேறு ஏதோவாகி நிற்கும். காகித ஏ3 போஸ்டர் என்றால் 300 டிபிஐ-யில் 3508-க்கு 4961 பிக்சல், நான்கு பக்கமும் 3 மில்லிமீட்டர் வெட்டு ஓரம், அச்சு மைக்கான சிஎம்ஒய்கே நிறமுறை. திரையில் மின்னும் கிளிப்பச்சை தாளில் மங்கும், முன்பே மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள்.

அன்று இரவு பதினொன்றரைக்கு அந்த மகன் மறுபடி வந்தார். திரையைப் பார்த்ததும் பேசவில்லை. பெயரை மட்டும் இன்னும் கொஞ்சம் பெரிதாக்கச் சொன்னார்.

இரண்டு நாள் கழித்து எங்கள் அம்மா சந்தைக்குப் போன பஸ் அந்த பேனரைக் கடந்தது. இறங்கியதும் முதல் வேலையாக எனக்குப் போன் செய்தார். "அது என் சேலைதானே?"