‘அமைதியாக இருக்கிறார்’ என்று எழுதும் முன்

சிங்கப்பூர்த் தாதிமை இல்லங்களில் முதுமை மறதி உள்ளவர்களுக்கான பராமரிப்பைக் கவனித்துப் பதிவு செய்யப் புதிதாக வருகிறவர்கள், நாங்கள் அந்நாளில் செய்த தவறுகளையே திரும்பச் செய்கிறார்கள். கடிகாரத்தைப் பார்க்க மறப்பது போன்றவை பழகினால் சரியாகிவிடும். சரியாகாதவற்றை மட்டும் சொல்கிறேன்.

பேசாதவரை நிம்மதியானவர் என்று எண்ணுவது

பிரிட்டனின் பிராட்ஃபர்ட் பல்கலைக்கழகத்தில் டாம் கிட்வுட் குழுவினர் உருவாக்கிய ‘டிமென்ஷியா கேர் மேப்பிங்’ முறையில், 5 நிமிடத்துக்கு ஒரு முறை, முதியவர் செய்வதற்கு ஓர் ஆங்கில எழுத்தும், மனநிலைக்கும் ஈடுபாட்டுக்கும் சேர்த்து -5 முதல் +5 வரை ஒரு மதிப்பும் குறிக்கிறோம். சும்மா அமர்ந்து சுற்றிலும் நடப்பதைப் பார்ப்பவருக்கு ‘பி’. எதிலும் ஒட்டாமல் ஒடுங்கிக் கிடப்பவருக்கு ‘சி’. முன்னவருக்குக் கூட்டல் மதிப்பு கிடைக்கலாம்; பின்னவர் கழித்தல் பக்கம்.

ஓர் இல்லத்தின் கூடத்தில், மாண்டரின் நாடகம் ஓடிய தொலைக்காட்சிக்கு எதிரே தமிழ்ப் பாட்டி ஒருவர். புதியவர் காலை முழுவதும் ‘பி, +1’ என்றே எழுதியிருந்தார். அருகில் போய் அமர்ந்தேன். பாட்டியின் பார்வை திரையில் இல்லை, பணியாளர்கள் நடமாடும் வழியில் இருந்தது. யார் கடந்தாலும், “கண்ணு, இங்கே வா” என்று மெல்லக் கூப்பிட்டார். மியன்மாரிலிருந்து வந்த பணிப்பெண்ணுக்கு அது புரியவில்லை. கூப்பிட்டும் மறுமொழி கிடைக்காத நிலைக்கென்றே ‘யு’ என்ற எழுத்து இருக்கிறது. பதிவு செய்தவர் தமிழர்தான். குரல் எட்டாத தூரத்தில் அமர்ந்திருந்தார். முந்தைய பதிவுகளும் அப்படியே இருந்ததால், பாட்டியின் பராமரிப்புத் திட்டத்தில் ‘தொலைக்காட்சி பிடிக்கும்’ என்று ஏறியிருந்தது. மாதக்கணக்கில் அதே நாற்காலி, அதே திரை! இன்று நினைத்தாலும் எனக்குக் கோபம் வருகிறது.

கண் எங்கே நிற்கிறது, விரல்கள் புடவையைப் பிசைகின்றனவா, ஆள் கடக்கும்போது தலை திரும்புகிறதா, உதடு அசைகிறதா என்று பாருங்கள். நோய் முற்றும்போது பின்னாளில் கற்ற மொழிகள் முதலில் நழுவிப்போவது உண்டு. சந்தையில் மலாயும் வேலையிடத்தில் ஆங்கிலமும் பேசியவர், தாய்மொழிக்கே திரும்பிவிடலாம். யாருக்கு எந்த மொழி என்று கேட்டுக் குறித்துக்கொண்ட பிறகே கவனிக்கத் தொடங்குங்கள்.

எல்லாருடைய மதிப்புகளின் சராசரியை மட்டும் காட்டுவது

நால்வரின் சிரிப்பில் ஐந்தாமவரின் தவிப்பு மறைந்துபோகும்.

படுக்கையறை, குளியலறை வரை பின்தொடர்வது

கூடாது.

பணியாளரைப் பெயர் சொல்லிக் குறை கூறுவது

முதியவரைக் குழந்தைபோல் நடத்துவது, அவர் இருக்கும்போதே அவரைத் தாண்டிப் பேசுவது போன்றவற்றுக்குப் பெரும்பாலும் கெட்ட எண்ணம் காரணமில்லை என்று கிட்வுட்டே சொல்லியிருக்கிறார். ஒருவர் பெயர் மேலிடத்துக்குப் போய்விட்டால், அடுத்த முறை நீங்கள் பார்ப்பது பராமரிப்பு அல்ல, நடிப்பு. கண்டதைப் பணியாளர்களிடமே முதலில் சொல்லுங்கள், நன்றாகச் செய்ததையும் சேர்த்து. எதை மாற்றலாம் என்று அவர்களே முடிவு செய்யட்டும். மாறியதா என்று பார்க்க, சில மாதம் கழித்து அதே கூடத்துக்கு வர அன்றே நாள் குறித்துவிடுங்கள்.