சாமந்தித் தோட்டத்தில் முதலில் அந்த விளக்கை அணையுங்கள்

ஆயுத பூஜைக்குச் சாமந்தி விலை ஏறும் என்று கணக்குப் போட்டு, ஆனி ஆடியில் நட்டுவிட்டு, புரட்டாசியில் வெறும் இலையைப் பார்த்துக்கொண்டு நிற்பவர்கள் ஒவ்வோர் ஆண்டும் புதிதாக வருகிறார்கள். நாங்களெல்லாம் தொடக்கத்தில் தடுக்கி விழுந்த அதே இடங்கள்தான். எரு, களை, வெயில் பற்றி இங்கே பேசப்போவதில்லை. அவை தெரியாமல் யாரும் நிலத்தில் இறங்குவதில்லை.

இரவில் விளக்கு

இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. சாமந்தி குறும்பகல் பயிர். இரவு போதிய அளவு நீண்டால்தான் மொட்டு வைக்கும். திண்டுக்கல் பக்கம் ஆண்டின் மிக நீண்ட பகலே ஏறத்தாழ 12¾ மணி நேரம்தான். சும்மா விட்டாலே செடி தன் காலத்தில் பூத்துவிடும். நாம்தான் சும்மா விடுவதில்லை.

நிலக்கோட்டை அருகே ஒருவர், காட்டுப்பன்றிக்குப் பயந்து மோட்டார் அறையின் மேல் பெரிய எல்இடி விளக்கைப் பொருத்தி விடிய விடிய எரியவிட்டார். மஞ்சள் கோ.1 ரகம், இடுப்பளவு வளர்ந்து கரும்பச்சையாக நின்றது, மொட்டே இல்லை. உரக்கடைக்காரர் பொட்டாஷ் கொடுத்தார், பிறகு ஒரு டானிக், அதற்கும் மேலே இன்னொரு டானிக். எத்தனை மணிக்கு விளக்கை அணைக்கிறீர்கள் என்று மட்டும் கேட்கவில்லை. நான் போய்ப் பார்த்தபோது பதில் வயலிலேயே எழுதியிருந்தது: விளக்கொளியில் தென்னை மரத்தின் நிழல் விழுந்த நீளத் துண்டு நிலத்தில் மட்டும் செடிகள் மொட்டும் பூவுமாக இருந்தன. ஒரே கன்று, ஒரே தண்ணீர், ஒரே உரம்.

விளக்கின் வெளிச்சம் வெயிலோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை என்று அவர் வாதாடினார். வளர்வதற்கு அது போதாதுதான். ஆனால் நடுநிசியில் இலையில் படும் அந்தச் சிறு வெளிச்சம், ஒரு நீண்ட இரவை இரண்டு குட்டை இரவுகளாகத் துண்டித்துவிடுகிறது. ஓசூர்ப் பசுமைக்குடில்காரர்கள் இதே வேலையை வேண்டுமென்றே செய்கிறார்கள்: காம்பு நீளும்வரை இரவில் பல்பு எரித்துப் பூப்பதைத் தள்ளிப்போட்டு, பிறகு நிறுத்துகிறார்கள். அவர்கள் காசு பார்க்கும் உத்தியால் இவர் காசை இழந்தார். விளக்கை அணைத்த பிறகு மொட்டு வந்தது, பூஜை முடிந்துவிட்டிருந்தது.

மாடியில் தொட்டி வைத்திருப்பவர்களுக்கும் இதே கதைதான். தெருவிளக்குப் பக்கமிருந்து தொட்டியை நகர்த்துங்கள். பன்றிக்கு வேலி போடுங்கள்.

நுனி கிள்ளாமல் விடுவது

நட்ட நான்காவது வாரத்தில் நுனியைக் கிள்ளினால் பக்கக் கிளைகள் வெடிக்கும். நன்றாக வளர்கிற செடியைக் கிள்ள மனம் வராமல் தள்ளிப்போடுகிறார்கள். மொட்டு எடுக்கும் தருணத்தில் திடீரென்று ஞானம் வந்து கிள்ளுகிறார்கள். அதற்குக் கிள்ளாமலே இருந்திருக்கலாம்.

தண்ணீர் தேங்குவது

வேர் அழுகும். பார் (மண்ணை மேடாக அணைத்த வரிசை) பிடித்து நடுங்கள்.

நோய் பிடித்த பழைய செடியின் தூரிலிருந்து கன்று

இலவசமாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

மறுதாம்பை நம்புவது

வெட்டிவிட்டால் மீண்டும் தழைக்கும், பூக்கும். ஆனால் முதல் பயிரில் பாதியளவுதான் எடுக்க முடியும் என்று வைத்துக்கொண்டு செலவைத் திட்டமிடுங்கள்.