விலகப் போகும் ஊழியரை அடையாளம் காண்பதில் மேலாளர்கள் செய்யும் தவறுகள்

சென்னை, கோவை, பெங்களூரு போன்ற நகரங்களில் உள்ள பல மென்பொருள் நிறுவனங்களில் நோட்டீஸ் பீரியட் (விலகல் கடிதம் கொடுத்த பின்னும் வேலை செய்ய வேண்டிய காலம்) 90 நாள் என்பதால், ஒருவர் ‘பேப்பர் போடும்’, அதாவது விலகல் கடிதம் கொடுக்கும் நாளில் அவர் கையில் பெரும்பாலும் வேறொரு நிறுவனத்தின் ஆஃபர் லெட்டர் இருக்கும். முடிவு அதற்குப் பல வாரங்கள் முன்பே எடுக்கப்பட்டிருக்கும். ஆகவே முன்கூட்டியே அறிந்துகொள்ள வேண்டும் என்று குழுத் தலைவர்கள் நினைப்பதில் தவறில்லை. எதை வைத்து அறிய முயல்கிறார்கள் என்பதில்தான் தவறு நேர்கிறது.

தேய்த்த சட்டை, மருத்துவரைப் பார்க்க எடுத்த அரைநாள் விடுப்பு, மாடிப்படியில் நின்று பேசும் தொலைபேசி அழைப்பு ஆகியவற்றைக் கண்டவுடன் ‘இன்டர்வியூ’ என்று முடிவு கட்டுவது முதல் தவறு. டிமோத்தி கார்ட்னர், பீட்டர் ஹோம் ஆகிய ஆய்வாளர்கள் அமெரிக்காவில், விலகுவதற்கு முந்தைய மாதங்களில் ஊழியர்களின் நடத்தை எப்படி மாறுகிறது என்று மேலாளர்களிடம் கேட்டு ஆராய்ந்தபோது, உடையும் மருத்துவ விடுப்பும் நம்பத்தக்க அறிகுறிகளின் பட்டியலில் இடம்பெறவில்லை. நீண்டகாலப் பணிகளுக்குப் பொறுப்பேற்கத் தயங்குவது, மேலாளரின் பாராட்டில் அக்கறை குறைவது, கேட்ட அளவுக்கு மட்டும் வேலை செய்வது, அதிருப்தியை முன்பைவிட வெளிப்படையாகச் சொல்வது போன்றவையே அதில் இருந்தன. நம் அலுவலகங்களில், திட்டமிடல் கூட்டத்தில் எப்போதும் வாதிட்டு, வேலைக்கு ஆகும் நாட்களின் மதிப்பீட்டை மாற்றச் சொல்பவர் திடீரென எல்லாவற்றுக்கும் ‘சரி’ என்று சொல்லத் தொடங்கினால், குழு பக்குவமடைந்துவிட்டதாக மேலாளர் மகிழ்ந்துபோகிறார். உண்மையில் கவனிக்க வேண்டியது அந்த அமைதியைத்தான்.

இந்த மாற்றத்தையும் அவரவருடைய பழைய இயல்போடுதான் ஒப்பிட வேண்டும். இயல்பாகவே குறைவாகப் பேசுபவரைப் பக்கத்து இருக்கைக்காரரோடு ஒப்பிட்டுச் சந்தேகிப்பது அநீதி. பிள்ளையின் பிளஸ் டூ தேர்வு, பெற்றோரின் நோய், தொடர் இரவுப் பணி ஆகியவையும் இதே சோர்வைத் தரும் என்பதால், ஒரு வாரத்துச் செய்கையை வைத்து எதையும் முடிவு செய்யக்கூடாது. பல மாற்றங்கள் ஒருசேர இரண்டு, மூன்று மாதங்கள் நீடிக்கின்றனவா என்று பார்க்க வேண்டும்.

இவற்றையெல்லாம்விட என்னை வருத்துவது, திருமணம் நிச்சயமான பெண்ணோ கருவுற்ற பெண்ணோ எப்படியும் போய்விடுவார் என்று எண்ணி, அவரைக் கேட்காமலேயே மென்பொருளின் முக்கியமான பகுதியிலிருந்து (மாட்யூல்) மாற்றிவிடும் வழக்கம். முதல் இரு குழந்தைகளுக்கு, சம்பளத்துடன் கூடிய 26 வாரப் பேறுகால விடுப்பைச் சட்டம் 2017 முதல் உறுதி செய்திருக்கிறது. திரும்பி வந்து தொடரும் எண்ணத்துடன்தான் பலர் விடுப்பில் செல்கிறார்கள். வந்தபின் தமக்கு உருப்படியான வேலை இல்லை என்று கண்டு அவர்கள் விலகும்போது, தம் கணிப்பு பலித்ததாக மேலாளர் நினைத்துக்கொள்கிறார். அந்த விலகலை உண்டாக்கியது அவருடைய கணிப்பே.

மனக்குறை உள்ளவர் மட்டுமே விலகுவார் என்று நம்புவது இன்னொரு தவறு. தாமஸ் லீ, டெரன்ஸ் மிட்செல் ஆகிய இருவரும் 1994-இல் முன்வைத்த விளக்கத்தின்படி, பல விலகல்களுக்குத் தொடக்கம் ஏதோ ஒரு நிகழ்வு: எதிர்பாராமல் வந்த வேலை அழைப்பு, வாழ்க்கைத்துணையின் இடமாற்றம், நெருங்கிய சக ஊழியரின் விலகல், கை நழுவிய பதவி உயர்வு. நேற்றுவரை நிறைவாக இருந்தவரையும் இத்தகைய ஒரு நிகழ்வு யோசிக்க வைத்துவிடும். மறுபுறம், புலம்பிக்கொண்டே இருப்பவர் வீட்டுக்கடனுக்காகவோ, பிள்ளைகளின் பள்ளிக்காகவோ, கிராஜுவிட்டிக்கு (பணிக்கொடை) வேண்டிய ஐந்தாண்டு நிறைவடைவதற்காகவோ பல காலம் இருந்துவிடலாம். அப்ரைசல் (ஆண்டுப் பணி மதிப்பீடு) முடிவுகள் வந்த வாரத்திலும், குழுவில் இருவர் அடுத்தடுத்து விலகிய பின்னும் தனித்தனியாக அமர்ந்து பேசினால், முகக்குறிகளை ஆராய்வதைவிட அதிகம் தெரியவரும்.

சந்தேகம் வந்ததும் லிங்க்ட்இன் பக்கத்தைத் துழாவுவதும், நண்பர்களிடம் விசாரிப்பதும், ‘வேலை தேடுகிறீர்களா?’ என்று நேரடியாகக் கேட்பதும் நம்பிக்கையை அறவே கெடுத்துவிடும். ‘ஆம்’ என்றால் ஊதிய உயர்வு பாதிக்கப்படுமோ என்ற அச்சத்தில் எவரும் ‘இல்லை’ என்றுதான் சொல்வார்கள். அதற்குப் பதிலாக, கடந்த சில மாதங்களில் எந்த வேலை சுமையாக இருந்தது, அடுத்த ஓராண்டில் என்ன கற்க விரும்புகிறார் என்று கேட்டு, மேலாளர் தம் அதிகாரத்துக்குள் உள்ள ஒன்றையாவது அந்த மாதத்திலேயே செய்து கொடுக்க வேண்டும். தம் கையில் இல்லாத ஆன்சைட் (வாடிக்கையாளரின் இடத்தில், பெரும்பாலும் வெளிநாட்டில் வேலை) வாய்ப்பை வாக்களிப்பது, எதுவும் சொல்லாமல் இருப்பதைவிடக் கெடுதல்.

பேப்பர் போட்ட பிறகு மட்டும் சம்பளத்தை உயர்த்த முன்வந்தால், உயர்வு பெற அதுவே வழி என்று குழுவில் மற்றவர்கள் புரிந்துகொள்வார்கள். அவர் உறுதியாகப் போகிறார் என்றால், முதல் வாரத்திலேயே பணி ஒப்படைப்புக்கான அட்டவணையையும் கடைசி நாளையும் எழுத்தில் உறுதிசெய்து, செய்தியைக் குழுவிடம் அவரே சொல்ல இடம் கொடுத்து, ரிலீவிங் லெட்டர் (பணியிலிருந்து விடுவித்ததற்கான கடிதம்) உரிய நாளில் கிடைக்கும்படி ஹெச்ஆரிடம் மேலாளரே பின்தொடர வேண்டும்.